சமக்குறிக்கு இடப்பக்கம்

இசைத்தாளின் முதல் பக்கத்தில், இடது மேல் மூலையில், ஒரு சின்ன நோட்டு வரைந்து, பக்கத்தில் சமக்குறி போட்டு, ஓர் எண் எழுதியிருக்கும். ‘கிராச்செட் = 84’ என்றால் நிமிடத்துக்கு 84 கிராச்செட் போகிற வேகம். விரல் நகத்தளவு இடம். என் தொழிலில் நான் அதிகம் அடித்துத் திருத்திய இடம் அதுதான்.

நான் நோட்ஸ் எழுதுகிறவன். இசையமைப்பாளரோ அரேஞ்சரோ தருகிற முழு ஸ்கோரிலிருந்து முதல் வயலின், இரண்டாம் வயலின், வயோலா, செல்லோ, புல்லாங்குழல் என்று அவரவர் பார்ட்டைப் பிரித்தெழுதிக் கொடுக்கிற வேலை. 1990களின் நடுவில் கோடம்பாக்கத்தில் ஆரம்பித்தபோது எல்லாமே கையெழுத்து. மாலையில் ஸ்கோர் வரும். காலை ஒன்பது மணி கால்ஷீட்டுக்குள் அத்தனை தாளும் தயாராக இருக்க வேண்டும். அப்போதெல்லாம் அந்த மூலை பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். கண்டக்டர் எதிரே நிற்கிறார், இசையமைப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பார் தட்டிக் காட்டினால் எல்லா வில்லும் ஒன்றாக இறங்கிவிடும். எண்ணுக்கு அங்கே வேலையில்லை.

கணினி வந்ததும் வேலை வந்தது. சிபெலியஸ், ஃபினாலே, மியூஸ்ஸ்கோர் என்று எந்த மென்பொருளில் எழுதினாலும், எழுதியதை உடனே வாசித்துக் காட்டும். வாசிக்க வேண்டுமானால் அதற்கு வேகம் தெரிய வேண்டும். மிடி கோப்பில் வேகம் எதுவும் குறிக்காமல் விட்டால் 120 என்று எடுத்துக்கொள்வது அதன் விதி. உள்ளே அது எண்ணுவதுகூட நிமிடக் கணக்கில் இல்லை. ஒரு கிராச்செட்டுக்கு எத்தனை மைக்ரோ வினாடி என்ற கணக்கில். 120 என்றால் 5,00,000. ஆகவே வேகம் குறிக்காத மிடி கோப்பில் தாலாட்டும் 120ல்தான் ஓடும். ஓர் எண் போட்டே ஆக வேண்டும் என்றானது. போட்ட எண் தாளிலும் அச்சாகும், மிஷினையும் ஓட்டும். இரண்டும் ஒரே காரியம் என்றுதான் நான் பல வருடம் நம்பினேன்.

அந்த நம்பிக்கை ஒரு கிறிஸ்துமஸ் பாட்டில் போனது. பாளையங்கோட்டைப் பக்கத்தில் ஒரு சபைப் பாடற்குழு. சென்னையில் இருந்த இளம் இசையமைப்பாளர் ஒருவர் அவர்களுக்காகப் பாட்டமைத்துக் கொடுத்தார். நான்கு வயலின், ஒரு செல்லோ, ஆர்கன், பிள்ளைகள் குரல். பாட்டு 6/8ல், தொட்டில் ஆடுகிற மாதிரியான நடை. அவர் தன் கணினியில் வாசித்துப் பதிந்த கோப்பை அனுப்பி, “டெம்போ 120 சார்” என்றார். நானும் நொட்டேஷனை ஒழுங்குபடுத்தி, மூலையில் ‘கிராச்செட் = 120’ என்று அடித்து, ஓடவிட்டுக் கேட்டேன். அவர் அனுப்பிய ஆடியோவும் என் கோப்பும் வினாடி பிசகாமல் ஒன்றாக ஓடின. திருப்தியாக அச்செடுத்து அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து, வாத்தியக்காரர்களோடு சேர்ந்து முதல் ஒத்திகை. நானும் போயிருந்தேன். பாடற்குழுவை நடத்துகிற அம்மாவை ஊரில் எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். கையை உயர்த்தினார், இறக்கினார். பாட்டு தலைதெறிக்க ஓடியது. பிள்ளைகள் வார்த்தையை முழுங்கினார்கள். ‘ன்’னும் ‘ம்’மும் எங்கே போனதென்றே தெரியவில்லை. மூன்று நிமிடப் பாட்டு இரண்டே நிமிடத்தில் முடிந்தது. இசையமைப்பாளர் எழுந்து நின்றுவிட்டார்.

“டீச்சர், இவ்வளவு வேகம் இல்லையே…”

“தாள்ல 120ன்னு போட்டிருக்கீங்கல்லா தம்பி? நான் மெட்ரோனோம் வச்சுத்தான் பழக்கினேன். பிள்ளைங்க மூச்சுமுட்டிப் போச்சு. ஆனா நீங்க எழுதினத நான் எப்படி மாத்த?”

பேச்சு இசையமைப்பாளரிடம். என் காதில் விழுந்தது எனக்கானதாகத்தான். அந்த எண்ணை அச்சடித்தவன் நான்.

கணக்கு மிக எளிது. 6/8ல் ஒரு பாருக்கு ஆறு குவேவர், அதாவது ஆறு அரைக் கிராச்செட். நடத்துகிற கை ஆறு தடவை விழாது. மூன்று மூன்றாகச் சேர்த்து இரண்டு தடவை விழும். ஒவ்வொரு தட்டும் ஒரு புள்ளி வைத்த கிராச்செட். நிமிடத்துக்கு 120 கிராச்செட் என்றால் 240 குவேவர். அதை மூன்றால் வகுத்தால் 80 தட்டு. டீச்சர் மெட்ரோனோமை 120ல் வைத்தார், ஒவ்வொரு ‘டிக்’குக்கும் ஒரு தட்டு போட்டார். நிமிடத்துக்கு 360 குவேவர் ஆகிவிட்டது. ஒன்றரை மடங்கு. மூன்று நிமிடம் இரண்டானதற்கு அதுதான் காரணம்.

இலக்கணப்படி பார்த்தால் என் குறியில் பிழை இல்லை. கிராச்செட் 120 என்றால் அந்த வேகம்தான். ஆனால் 6/8 பாட்டை நடத்தப் போகிறவர் கண்ணுக்குக் கிராச்செட் என்பது தட்டே இல்லை. அவர் கை விழுகிற இடத்தை நான் எழுதவில்லை. பதிவு மென்பொருள் எண்ணுகிற இடத்தை எழுதியிருந்தேன். பாட்டுப் பதிகிற மென்பொருள்களில் டெம்போப் பெட்டி பெரும்பாலும் கிராச்செட்டைத்தான் எண்ணும். பாட்டு 6/8 ஆனாலும் 9/8 ஆனாலும் அதற்கு அக்கறை இல்லை. அந்த எண் அப்படியே வாய் வழியாக என்னிடம் வந்து, என் விரல் வழியாகத் தாளுக்குப் போய், ஒரு மூதாட்டியின் மூன்று வாரத்தைத் தின்றுவிட்டது. நான் கேட்டுச் சரிபார்த்ததுதான் என்னை ஏமாற்றியது. காதுக்கு எல்லாம் சரியாக இருந்தது.

அங்கேயே, ஆர்கன் பெட்டியின் மேல் தாள்களை அடுக்கி, ஒவ்வொன்றிலும் பேனாவால் அடித்து, ‘புள்ளி கிராச்செட் = 80’ என்று எழுதினேன். பிள்ளைகளுக்குப் பழகிப்போன வேகத்தை விடுவதற்கு இன்னும் இரண்டு ஒத்திகை ஆனது.

அதிலிருந்து எனக்கு ஒன்று பிடிபட்டது. சமக்குறிக்கு வலப்பக்கம் இருக்கிற எண் வேகம். இடப்பக்கம் இருக்கிற நோட்டு தட்டு. மிஷினுக்கு வேகம் மட்டும் போதும். அதற்குக் கை கிடையாது. மனிதருக்கு முதலில் தெரிய வேண்டியது தட்டு. அது தெரிந்துவிட்டால் வேகத்தை அவர் அறைக்கும் ஆளுக்கும் தகுந்தபடி கொஞ்சம் முன்னே பின்னே வைத்துக்கொள்வார். இசைக் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ளப் பயன்படுகிற மியூசிக்எக்ஸ்எம்எல் வடிவத்தைத் திறந்து பார்த்தபோது இதை அங்கேயே கண்டேன். அதில் வேகம் இரண்டு இடத்தில் தனித்தனியாக எழுதப்படுகிறது. ஒன்று அச்சில் தெரிய வேண்டிய மெட்ரோனோம் குறி: எந்த நோட்டு, புள்ளி உண்டா, எண் என்ன. இன்னொன்று ஒலிக்கான வேகம். அது எப்போதும் கிராச்செட் கணக்கில்தான். டீச்சர் பாட்டுக்கு முதல் இடத்தில் புள்ளி கிராச்செட் 80, இரண்டாம் இடத்தில் 120. இரண்டும் ஒத்திருக்க வேண்டும் என்று அந்த வடிவம் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. அதை உண்டாக்கியவர்கள் இரண்டையும் பிரித்து வைத்ததில் இருக்கிற அறிவு எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இதே சிக்கல் கர்நாடக உருப்படிகளை மேற்கத்திய நொட்டேஷனில் எழுதும்போது வேறு உருவில் வரும். ஒரு தடவை வீணை, மிருதங்கத்தோடு வயலின் குழுவும் சேர்ந்து வாசிக்க ஆதி தாளத்தில் ஒரு வர்ணத்தை எழுதினேன். ஓர் அட்சரத்துக்கு ஒரு கிராச்செட், வேகம் 60. முதல் பகுதி முதல் காலம், பிறகு அதே பகுதி இரண்டாம் காலம். நான் சோம்பல்பட்டு, எழுதிய பகுதியை அப்படியே நகலெடுத்து ஒட்டி, மேலே ‘கிராச்செட் = 120’ என்று போட்டுவிட்டேன். ஓடவிட்டால் அச்சு அசலாக இரண்டாம் காலம் கேட்கிறது. ஆனால் மிருதங்க வித்வான் தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “தாளத்தை ஏன் ரெட்டிச்சிருக்கீங்க? தாளம் நிக்கிற இடத்துலதானே நிக்கும்?” என்று கேட்டார். சரியான கேள்வி. இரண்டாம் காலத்தில் காலப்பிரமாணம் மாறாது. போட்ட தாளம் அதே கதியில் போய்க்கொண்டிருக்கும், ஓர் அட்சரத்துக்குள் விழுகிற ஸ்வரங்கள்தான் இரட்டிக்கும். குவேவரைச் செமிகுவேவராக மாற்றி, 60ஐத் தொடாமல் விட வேண்டும். அன்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து மாற்றினேன். மிஷினில் முன்பு கேட்டதும் பின்பு கேட்டதும் ஒன்றேதான். தாளில் இரண்டும் வேறு வேறு. காலப்பிரமாணம் என்று நம்மவர்கள் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். வேகம் என்ற சொல்லால் அதை நிரப்ப முடியாது.

சினிமா பின்னணி இசையில் நிலைமை தலைகீழ். அங்கே எண்ணுக்குத்தான் அதிகாரம். ஒரு காட்சி: கதவு திறப்பதிலிருந்து கையில் இருக்கிற கடிதம் நழுவி விழுவதுவரை 37 வினாடி. கடிதம் விழும்போது பதினாறாவது பாரின் முதல் தட்டு விழ வேண்டும் என்கிறார் இசையமைப்பாளர். நான்கு தட்டுப் பார் பதினைந்து, ஆக 60 தட்டு, 37 வினாடி. வகுத்தால் 97.297. சும்மா 96 என்று வைத்தால் அந்த 60 தட்டுக்கு 37.5 வினாடி ஆகும். வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிற படத்தில் பன்னிரண்டு ஃபிரேம் பிந்தும். கடிதம் தரையில் கிடக்கும்போது இசை அப்போதுதான் அதிரும். பார்க்கிறவர் காரணம் சொல்ல மாட்டார், ஆனால் உணர்வார். ஆகவே தட்டைக் காதில் சொல்கிற கிளிக் 97.297தான். ஹெட்போனில் அது ஓடும்.

தாளில் என்ன போடுவது? தசமத்தோடு அச்சடித்துக் கொடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் 97 என்று மட்டும் போட்டு, பக்கத்தில் ‘கிளிக்’ என்று எழுதிவிடுவேன். கிளிக் காதில் இருக்கும்போது வாசிக்கிறவர் அந்த எண்ணைப் பார்ப்பது வேகத்துக்காக அல்ல; வில்லுக்காக. தாளைப் பிரித்ததும் ஒரு நல்ல வயலின்காரர் மூலையைப் பார்ப்பார், அடுத்துச் செமிகுவேவர்கள் இருக்கிற வரியைப் பார்ப்பார், கை காற்றில் லேசாக அசையும். இந்த வேகத்தில் வில்லைக் கம்பியிலேயே வைத்து இழுப்பதா, துள்ளவிடுவதா என்று முடிவெடுக்கிறார். மூன்று வினாடி வேலை. அதற்கு 97 ஏராளம்.

கிளிக் இல்லாத மேடைக் கச்சேரிக்கு என்றால் 97ஐயும் போட மாட்டேன். காரணம் பழைய மெட்ரோனோம். அதற்கு மேல்செல் 1815ல் காப்புரிமை வாங்கினார். இரண்டு வருடத்தில் பீத்தோவன் தன் சிம்பொனிகளுக்கு அதைக்கொண்டு எண் கொடுத்தார். அவருடைய ஹேமர்கிளேவியர் சொனாட்டாவின் முதல் பகுதிக்குப் போட்ட ‘மினிம் = 138’ பற்றிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. அந்த ஊசல் மெட்ரோனோமின் தண்டில் எல்லா எண்ணும் கிடையாது. 60, 63, 66, 69, 72, அப்புறம் 76, 80, 84, 88, 92, 96, 100 என்று படிப்படியாகப் போகும். வேகம் கூடக் கூடப் படியின் அகலமும் கூடும். 120க்கு அடுத்தது 126. அடுத்தடுத்த படிகளுக்குள் இருக்கிற வித்தியாசத்தைத்தான் மனிதக் காது தெளிவாகப் பிரிக்கிறது என்பது என் அனுபவம். இந்தப் படிகளில் பழகியவருக்கு 96 என்றால் உடம்பில் ஒரு நடை எழும். 97 என்றால் கணினியிலிருந்து வந்த தாள் என்ற எண்ணம்தான் எழும். ஆகவே மேடைக்கான தாளில் பக்கத்துப் படியைப் போட்டுவிடுவேன்.

மறைத்து வைக்கிற குறிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாட்டு முடிகிற இடத்தில் வேகம் தணிவதற்கு ‘ரிட்.’ என்று எழுதுவோம். மியூஸ்ஸ்கோர் 2022 கடைசியில் நான்காம் பதிப்பு வரும்வரை அந்தச் சொல்லைத் தானாக வாசித்ததில்லை. கடைசி இரண்டு பாரில் ஒவ்வொரு தட்டின் மேலும் ஒரு வேகக்குறி வைத்து, 76, 70, 62, 54 என்று இறக்கி, ஒவ்வொன்றையும் தேர்ந்து வி விசையை அழுத்தினால் திரையில் சாம்பல் நிறமாகும், தாளில் வராது. இசையமைப்பாளருக்கு அனுப்புகிற மாதிரி ஒலி அழகாகத் தணிந்து முடியும். ரொம்பப் பொறுமையாக இதைச் செய்திருக்கிறேன். நோட்டை நீட்டி நிறுத்தச் சொல்கிற ஃபெர்மாட்டா எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்றுகூட மறைவாக வைப்பேன்.

ஒருமுறை அப்படி ஒரு கோப்பை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியபோது மறைந்திருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. அவசரத்தில் நான் கடைசிப் பக்கத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் ரெக்கார்டிங்கில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த மூத்த வயலின்காரர், என் அப்பா வயது, ஸ்டாண்டிலிருந்து தாளை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். இரண்டே பாருக்கு மேல் நான்கு எண். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். நான்கையும் ஒரே கோட்டில் அடித்தார். மேலே, பழைய காலத்துச் சாய்ந்த எழுத்தில், ‘ரிட்.’ என்று எழுதி, அதன் பின்னால் புள்ளி புள்ளியாகக் கடைசிக் கோடுவரை இழுத்தார். பிறகு என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல், “இது எங்க வேலை தம்பி, எங்ககிட்ட விட்டுருங்க” என்றார். டேக் ஆனபோது அந்த இரண்டு பாரை அவர்கள் முடித்த விதத்தை 76, 70, 62, 54ல் கொண்டுவந்திருக்க முடியாது. மூன்றாவது தட்டில் எல்லாரும் சேர்ந்து ஒரு கணம் நின்றார்கள். யாரும் சொல்லவில்லை, கண்டக்டர் மூச்சை இழுத்ததைப் பார்த்து நின்றார்கள். அந்தத் தாளை நான் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

2024 ஆகஸ்டில் ஃபினாலே நிறுத்தப்படுகிறது என்ற அறிவிப்பு வந்தபோது, பழைய கோப்புகளை எல்லாம் மியூசிக்எக்ஸ்எம்எல்லாக மாற்றி வைத்தேன். ஒவ்வொன்றையும் மாற்றியதும் முதலில் திறந்து பார்த்தது கடைசிப் பக்கத்தைத்தான்.

சொற்களில் வேகம் எழுதும்போதும் மிஷின் தன் போக்கில் போகும். ‘ஆண்டான்டே’, ‘அலெக்ரோ’ என்று எழுதினால் பல மென்பொருள்கள் தம் அகராதியில் வைத்திருக்கிற எண்ணை எடுத்துக்கொள்ளும். இசையமைப்பாளர் மனதில் இருக்கிற ஆண்டான்டே அதுவாக இருக்க வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதுகிற தாளில் நான் ‘நிதானமாக’, ‘சற்று விரைந்து’ என்று தமிழிலேயே அச்சிடுகிறேன். பிள்ளைகளுக்கு அது சட்டென்று விளங்குகிறது. மிஷினுக்கு விளங்காது. அந்தச் சொல்லின் பண்புகளில் எழுதியதைப் பின்பற்ற வேண்டாம் என்று சொல்லி, எண்ணைத் தனியாகக் கொடுக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. நிறையப் பேர் இதற்கு அலுத்துக்கொண்டு இத்தாலியச் சொல்லுக்கே போய்விடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம்தான்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வது வேறு ஓரிடத்தில். வேகத்தை டெம்போக் குறியாக வைக்காமல் சாதாரண எழுத்தாக ஒரு வரிசைக்கு மேல் தட்டிவிடுவார்கள். ஸ்கோரில் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பார்ட்டுகளைப் பிரித்தால் முதல் வயலினுக்கு மட்டும் வேகமாற்றம் இருக்கும், செல்லோவுக்கு இருக்காது. என்னிடம் பழகுகிற பையன்களிடம் பார்ட் அச்சானதும் செல்லோத் தாளை முதலில் எடு என்று சொல்வது அதனால்தான்.

அச்சுக்கு அனுப்புமுன் இப்போது நான் செய்வது இது. ஸ்பீக்கரை அணைத்துவிடுவேன். தாளை மடியில் வைத்துக்கொண்டு, தொடையில் தட்டிக்கொண்டு, மெலடியை வாய்விட்டுப் பாடிப் பார்ப்பேன். கணினி முன்னால் உட்கார்ந்து அமைக்கிற வேகம் கொஞ்சம் கூடுதலாகவே இருப்பதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். அங்கே எதிரொலி இல்லை, மூச்சு வாங்க வேண்டியதில்லை, நோட்டுகள் சுத்தமாக வெட்டி வெட்டி விழுகின்றன. கொஞ்சம் தணித்தால் மந்தமாகத் தோன்றும். உயர்ந்த கூரையுள்ள கூடத்தில் இருபது பேர் பாடும்போது அதே வேகம் நெரிசலாகிவிடும்.

போன மாதம் ஒரு தாலாட்டு வந்தது. 6/8. கோப்பில் 108. அதாவது தட்டுக்கு 72. தொடையில் தட்டிப் பாடினேன். கை 72க்கு வர மறுத்தது. ராத்திரி பத்தரை மணி. இசையமைப்பாளரைப் போனில் கூப்பிட்டேன்.

“அம்மா, தொந்தரவுக்கு மன்னிக்கணும். ஒரு பல்லவி மட்டும் பாடுங்க. எதையும் ஓடவிடாதீங்க, சும்மா பாடுங்க.”

“இப்பவா சார்?”

“இப்பத்தான்.”

பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறதோ என்னவோ, குரலைத் தாழ்த்திப் பாடினார். நான் கடிகாரத்தைப் பார்த்தபடி மேசையில் விரலால் தட்டினேன். பதினைந்து வினாடியில் பதினேழு தட்டு. நான்கால் பெருக்கினால் 68. பழைய தண்டில் 66 இருக்கிறது, 69 இருக்கிறது. இன்னொரு முறை பாடச் சொன்னேன். இந்தத் தடவை பதினேழு முடிந்து பதினெட்டுக்குள் விரல் லேசாக நுழைந்தது.

தாளில் ‘புள்ளி கிராச்செட் = 69’ என்று அடித்து, மேலே ‘தாலாட்டுபோல’ என்று எழுதினேன். ரெக்கார்டிங் இன்ஜினியருக்குக் கிளிக் 103.5 என்று வாட்ஸ்அப் அனுப்பினேன். பிறகு செல்லோத் தாளை எடுத்துப் பார்த்தேன். அதிலும் 69 வந்திருந்தது.